விதிகளை ஒப்பிக்கிறார்கள், கடைப்பிடிப்பதில்லை: கே1, கே2 தமிழ் வகுப்புக்கு வழி சொல்லுங்கள்

தமிழ்நேரம் எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரில் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் தமிழ் வகுப்பு. கே1 (நான்கு, ஐந்து வயது), கே2 (ஐந்து, ஆறு வயது) இரண்டு பாலர் வகுப்புகளும் சேர்த்து 11 பிள்ளைகள், தினமும் ஒரு மணி நேரம். தனி அறை கிடையாது. கூடத்தின் ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் சீன வகுப்பு, நடுவில் ஒரு புத்தக அலமாரிதான் தடுப்பு. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள்.

சுவரில் ஐந்து விதிகள் ஒட்டியிருக்கின்றன. ஆசிரியர் பேசும்போது பேசக் கூடாது. வகுப்பில் ஓடக் கூடாது. கையை உயர்த்திய பிறகே பேச வேண்டும். நண்பர்களிடம் அன்பாக இருக்க வேண்டும். பொருள்களைப் பத்திரமாகப் பயன்படுத்த வேண்டும். தினமும் வகுப்பு தொடங்கும்போது எல்லாரும் சேர்ந்து சொல்கிறார்கள், ஒரு சொல் பிசகாது. சொல்லி முடித்த கையோடு இரண்டு பேர் பாய்க்கு ஓடுவார்கள். கேள்வி கேட்டால் ஐந்து குரல் ஒரே நேரத்தில் வரும். இதே பிள்ளைகள் ஆங்கில ஆசிரியரிடம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் உறுத்துகிறது.

விதிகளைக் குறைக்க வேண்டுமா? படம் போட்டால் சரியாகுமா? ஸ்டிக்கர் அட்டை வைக்கலாமா? கே1 பிள்ளைக்கும் கே2 பிள்ளைக்கும் ஒரே விதி பொருந்துமா?

பாலர்வட்டம் எழுதியது:

முதல் வேலையாக அந்த ஒப்பித்தலை நிறுத்துங்கள். தினமும் கூட்டாகச் சொல்லிச் சொல்லி அது பிள்ளைகளுக்கு ஒரு பாட்டாகிவிட்டது. பாட்டு முடிந்தால் அடுத்த வேலை. பாட்டில் வந்த ‘ஓடக் கூடாது’வுக்கும் தங்கள் கால்களுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர்களுக்குத் தோன்ற ஒரு காரணமும் இல்லை.

விதி நல்ல விதியா என்று பார்க்க ஒரு சோதனை: அதைப் பிள்ளை செய்வதைப் புகைப்படம் எடுக்க முடியுமா? பாயில் உட்கார்ந்து கையை மடியில் வைத்திருப்பதை எடுக்கலாம். ‘அன்பாக இருப்பதை’ எப்படி எடுப்பது? ஐந்து வயதுப் பிள்ளையை அன்பாக இருக்கச் சொன்னால், பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருக்கும் நண்பனைப் போய்க் கட்டிப்பிடிக்கும். அப்புறம் அதற்கும் நீங்கள் பஞ்சாயத்து பண்ண வேண்டும். உங்கள் நான்காவது, ஐந்தாவது விதிகள் இந்தச் சோதனையில் தேறவில்லை. முதல் இரண்டும் செய்யக் கூடாததைச் சொல்கின்றன, செய்ய வேண்டியதைச் சொல்லவில்லை. ஓடாமல் என்ன செய்வது? தாவலாமா, உருளலாமா? ஒரு கே1 பிள்ளை உண்மையிலேயே உருண்டு வரும்.

மூன்று போதும்:

உள்ளே நடப்போம்.
கையும் காலும் நம் இடத்தில்.
ஒருத்தர் பேசும்போது மத்தவங்க கேட்போம்.

கையை உயர்த்துவது, பொருளை எடுத்து வைப்பது, கழிப்பறைக்குக் கேட்பது எல்லாம் விதிகள் அல்ல, நடைமுறைகள். விதி எந்நேரமும் பொருந்தும். நடைமுறை ஒரு குறிப்பிட்ட வேளைக்கு மட்டும். இரண்டையும் ஒரே அட்டையில் கலந்தால் பட்டியல் நீண்டுவிடும். என் கணிப்பில், பாலர் வகுப்புகளில் ‘ஒழுங்கு இல்லை’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி நடைமுறை சொல்லித் தராததால் வருவது. கிரேயான் பெட்டி எங்கே இருக்கிறது, யார் எடுக்கணும், முடிந்ததும் எங்கே போகணும் என்று தெரியாவிட்டால் 11 பேரும் ஒரே பெட்டிமேல் விழத்தான் செய்வார்கள்.

சொல்லித் தருவது எப்படி? ‘உள்ளே நடப்போம்’ ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாயில் உட்கார வைத்துப் பேசாதீர்கள். வாசலில் நின்று தொடங்குங்கள், ஏனென்றால் ஓடுவது அங்கேதான். படத்தைக் காட்டி ஒரே வாக்கியம் சொல்லுங்கள். அப்புறம் நீங்களே வாசலிலிருந்து பாய்வரை நடந்து காட்டி, செய்வதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: “கால் மெதுவா. கை பக்கத்துல. பாய் வந்தாச்சு. உட்கார்றேன்.” அடுத்து நீங்களே தப்பாகச் செய்து காட்டுங்கள். ஓடிப்போய்த் தொப்பென்று விழுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். “இதுல என்ன தப்பு?” என்று கேளுங்கள். தப்பான மாதிரியை ஒருபோதும் ஒரு பிள்ளையைக் கொண்டு செய்ய வைக்காதீர்கள். அந்தச் சிரிப்பின் ருசி கண்ட பிள்ளை வாரம் முழுக்க அதையே செய்து காட்டும்.

பிறகு இரண்டு பிள்ளைகள் நடக்கட்டும். மற்றவர்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: கால். கடைசியாக மூன்று மூன்று பேராக எல்லாரும். முடிந்ததும் “வெரி குட்” என்று பொதுவாகச் சொல்லாமல் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்: “மூணு பேரும் நடந்து வந்தீங்க. யாரும் யார் மேலயும் இடிக்கல.” எல்லாம் சேர்ந்து நான்கைந்து நிமிடம். ஒரு விதிக்கு இரண்டு மூன்று நாள், பிறகு அடுத்தது.

முதல் இரண்டு வாரம் உங்கள் ஒரு மணி நேரத்தில் 10, 15 நிமிடம் இதற்கே போகும். பாடம் பின்தங்குகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். அங்கே கஞ்சத்தனம் பார்த்தால், தினமும் ஐந்து ஐந்து நிமிடமாக நவம்பர்வரை வட்டி கட்ட வேண்டியதுதான்.

ஓடினால்? பிரசங்கம் வேண்டாம். “திரும்பிப் போய் நடந்து வா”, அவ்வளவுதான். குரல் உயராமல், முகம் மாறாமல். நடந்து வந்ததும் விஷயம் முடிந்தது. ஐந்து தடவை நடக்க வைத்தால் அது தண்டனை ஆகிவிடும், பிள்ளை நடையைக் கற்காது, உங்களை எதிர்க்கக் கற்கும்.

ஆங்கில ஆசிரியர் விஷயம்: அவர் கண்டிப்பானவர் என்பதால் அல்ல. அவருக்கு நாள் முழுக்க நேரம் இருக்கிறது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே இடம், எல்லாம் ஒரே வரிசையில் நடக்கும். ஒருநாள் 20 நிமிடம் அவர் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, அமைதிப்படுத்த என்ன சைகை செய்கிறார் என்று பார்த்து அதையே கடன் வாங்குங்கள். கைதட்டல் என்றால் அதே தாளம். பிள்ளைகள் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்று குறையும். ஆனால் ஒரு எச்சரிக்கை: சைகை கொடுத்தபின் 11 பேரும் நிற்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். எட்டுப் பேர் நின்றதும் பேசத் தொடங்கினால், மற்ற மூவரும் அந்தச் சைகை தங்களுக்கில்லை என்று கற்றுக்கொள்வார்கள். வாரக் கடைசியில் மூவர் ஆறாகியிருப்பார்கள்.

இன்னொன்று, இடம். இப்போது பிள்ளைகள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்கிறார்கள்? சீன வகுப்பு கண்ணில் பட்டால் உங்களால் போட்டி போட முடியாது. பிள்ளைகள் சுவரைப் பார்க்கட்டும், சீன வகுப்பை நீங்கள் பாருங்கள். பாயின் நான்கு ஓரத்திலும் வண்ண டேப், பாயின்மேல் ஆளுக்கொரு குறி, குறிக்கும் குறிக்கும் இடையே சுமார் அரை மீட்டர். ‘நம் இடம்’ என்பது கண்ணுக்குத் தெரிந்தால்தான் இரண்டாவது விதிக்கே பொருள் வரும். லேமினேட் செய்த காலடித் தடங்களை வெறும் டேப்பால் ஒட்டினால் இரண்டு முறை தரை துடைத்ததும் ஓரம் எழும்பிவிடும். ஒளிபுகும் ஒட்டுத்தாளால் முழுவதும் மூடி ஒட்டினால் தாங்கும்.

மொழிப்படி எழுதியது:

பேச்சு, மொழிச் சிகிச்சைப் பக்கத்திலிருந்து சேர்க்கிறேன்.

சொன்னதைப் பிள்ளை செய்யாததற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: காதில் விழவில்லை, மொழி புரியவில்லை, புரிந்தும் தன்னை அடக்க முடியவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு. உங்கள் வகுப்பில் பாதிக்கு இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. ஒரு கட்டளையைத் தமிழில், கையை அசைக்காமல், கண்ணால் காட்டாமல் சொல்லுங்கள். செய்யவில்லையென்றால் வேறொரு நாள் அதே கட்டளையைச் சைகையோடு சொல்லுங்கள். இன்னொரு நாள் ஆங்கிலத்தில். சைகை இருந்தால் செய்கிற பிள்ளை இத்தனை நாளும் உங்கள் கையைத்தான் படித்திருக்கிறது, சொல்லை அல்ல. ஆங்கிலத்தில் சொன்னால் செய்கிற பிள்ளைக்கு ஒழுக்கப் பிரச்சினையே இல்லை.

இப்படி ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: “கலர் பென்சிலை எல்லாம் பெட்டியில போட்டு மூடிட்டு, தாளை என்கிட்ட குடுத்துட்டு, கை கழுவப் போங்க.” நமக்கு இயல்பான தமிழ். ஆனால் மூன்று வேலைகளையும் மனத்தில் ஏந்திக்கொண்டே வாக்கியத்தின் கடைசிவரை வர வேண்டும். தமிழ் குறைவாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கடைசித் துண்டுதான் கையில் மிஞ்சும். பென்சில்கள் சிதறிக் கிடக்க நேராகக் குழாய்க்கு ஓடும். பார்ப்பவருக்கு அது கீழ்ப்படியாமை மாதிரித் தெரியும். உடைத்துச் சொல்லுங்கள். “பென்சில் பெட்டியில.” நிறுத்துங்கள். எல்லாப் பென்சிலும் உள்ளே போன பிறகு “தாள் இங்க.” பிறகு “கை கழுவ.” நன்றாக அறிந்த மொழியில்கூட நான்கு வயதில் இரண்டு படி, ஐந்து வயதில் மூன்று படி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அரைகுறையாகத் தெரிந்த மொழியில் ஒன்று.

சொன்னபின் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். மெதுவாகச் செயல்படும் பிள்ளைக்குப் பத்து. செய்யவில்லையென்றால் அதே சொற்களை அப்படியே திரும்பச் சொல்லுங்கள். நம் பழக்கமோ வேறு: “உட்காருங்க… எல்லாரும் இடத்துக்குப் போங்க… பாயில அமருங்கன்னு சொன்னேன்ல?” ஐந்து விநாடிக்குள் மூன்று வடிவம். முதல் வடிவத்தைப் புரிந்துகொண்டிருந்த பிள்ளை இரண்டாவது வந்ததும் அதை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

சுவர் விதிகள் எழுத்துத் தமிழில் இருக்கின்றன. ‘உயர்த்திய பிறகே’ என்பது இந்தப் பிள்ளைகள் எந்த வாயிலிருந்தும் கேட்டிராத சொல். பேச்சில் சொல்வதை வைத்தே விதி இருக்கட்டும்.

ஆங்கிலத்தை எங்கே அனுமதிப்பது என்ற கேள்வி வரும். தமிழில் சொல்லுங்கள், சைகை காட்டுங்கள், காத்திருங்கள். முகம் வெறுமையாக இருந்தால் ஒருமுறை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உடனே மீண்டும் தமிழில் முடியுங்கள். ஒவ்வொரு தடவையும் தமிழோடு ஆங்கிலத்தையும் ஒட்டிச் சொன்னால் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், தமிழ்ப் பாதி ஓடும்போது காதை மூடிவைத்து ஆங்கிலப் பாதிக்குக் காத்திருப்பார்கள். நீங்கள் இரண்டு மொழியில் சொன்னதாக நினைப்பீர்கள், அவர்கள் ஒன்றில்தான் கேட்டிருப்பார்கள்.

படம் பற்றி: உதவும், ஆனால் சுவரில் உயரத்தில் தொங்கினால் உதவாது. தரையில் உட்கார்ந்த ஐந்து வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். பெரியவர் கண் உயரத்தில் ஒட்டிய அட்டை பெரியவர்களுக்கானது, மேற்பார்வைக்கு வருகிறவர்கள் மெச்சுவார்கள். உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில், தாழ்வாக, ஒரு விதிக்கு ஒரு ஏ4 படம் வையுங்கள். அதே படங்களை உள்ளங்கை அளவுக்கு அச்சிட்டு வளையத்தில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கதை நடுவே ஒருவன் காலை நீட்டினால் கதையை நிறுத்தாமல் அந்த அட்டையைக் காட்டினாலே போதும். மற்ற பத்துப் பேருக்கும் கதை அறுபடாது. கார்ட்டூனைவிட உங்கள் பாயில், உங்கள் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் மேல் (நிலையத்தின் அனுமதியும் பெற்றோர் சம்மதமும் வாங்கிக்கொள்ளுங்கள்). ஓடும் பையன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட படம் வேண்டாம். பிள்ளை பார்ப்பது ஓடும் பையனைத்தான்.

தொடக்கநிலை_மணி எழுதியது:

தொடக்கநிலை 1, அதாவது கே2 முடித்த பிள்ளைகள் சேரும் பள்ளியின் முதல் வகுப்பு, அந்தப் பக்கத்துப் பார்வை. கையை உயர்த்துவதை விதியாகவோ நடைமுறையாகவோ எப்படி வேண்டுமானாலும் வையுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். ஜனவரியில் பிள்ளை 30 பேர் உள்ள வகுப்புக்குப் போகிறது. தமிழ்ப் பாடத்துக்குப் பல பள்ளிகளில் இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒன்றுசேர்கிறார்கள். மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கு நடக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பாசிரியருக்கும் ஒரு சைகை, ஒரு வழக்கம். எங்களுக்கு முதல் வாரத்தில் தேவைப்படுவது மூன்றுதான்: வரிசையில் இடைவெளி விட்டு நடப்பது, முறை வரும்வரை காத்திருந்து பேசுவது, கழிப்பறைக்கு வாய்திறந்து கேட்பது. கடைசியானது சின்ன விஷயமாகத் தோன்றும். “ஆசிரியர், நான் கழிப்பறைக்குப் போகலாமா?” என்று கேட்கத் தெரியாமல், கேட்க வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டிருந்து, ஈரமான பிறகு அழும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. கே2வில் இந்த ஒரு வாக்கியத்தையாவது தினப்பழக்கம் ஆக்குங்கள்.

ஐந்து குரல் ஒரே நேரத்தில் வருவதற்குப் பாதிக் காரணம் கேள்வியில் இருக்கிறது. “இது என்ன நிறம், யாருக்குத் தெரியும்?” என்று கேட்டால் தெரிந்தவர்கள் எல்லாரும் கத்துவதுதான் சரியான பதில்! கேட்பதற்கு முன்னாலேயே எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று காட்டிவிடுங்கள். இரண்டே சைகை. இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பிள்ளைகள் பக்கம் நீட்டினால், எல்லாரும் சேர்ந்து சொல்லலாம். உங்கள் கையை நீங்களே உயர்த்திக்கொண்டு கேட்டால், கை உயர்த்தியவர்களில் ஒருவர். சைகை முதலில், கேள்வி பிறகு. வரிசை மாறினால் வேலை செய்யாது, கேள்வி காதில் விழுந்த கணமே பதில் வாயிலிருந்து வந்துவிடும். முதலில் எல்லாரும் சேர்ந்து சொல்கிற கேள்விகளே அதிகம் இருக்கட்டும், நான்குக்கு ஒன்று கை உயர்த்துவது. மாதக் கடைசியில் பாதிக்குப் பாதி. தமிழ் வகுப்பில் எல்லாரும் வாய்திறப்பது நமக்கு லாபம் என்பதையும் மறக்க வேண்டாம். தமிழே பேசாத பிள்ளை தன்னை மறந்து “யானை!” என்று கத்தினால், அந்த நேரத்தில் போய் “கையைத் தூக்கு” என்று சொல்லி அதன் வாயை அடைக்காதீர்கள். “யானைதான்!” என்று வாங்கிக்கொண்டு, அடுத்த கேள்விக்குச் சைகையைத் தெளிவாகக் காட்டுங்கள்.

கே1, கே2 கேள்வி: விதி ஒன்றே, எதிர்பார்ப்பு வேறு. பாயில் ஒரே இடத்தில் கே1 பிள்ளை பத்து நிமிடம், கே2 பிள்ளை 15 நிமிடம் என்று கணக்கு வைத்து, பத்தாவது நிமிடத்தில் எல்லாரையும் எழுப்பி ஏதாவது அசைவு கொடுங்கள். கே2 பிள்ளைகளை மாதிரி காட்ட வைக்கலாம். காவலுக்கு வைக்காதீர்கள். “ஆசிரியர், அவன் ஓடுறான்!” என்று சொல்வதையே தொழிலாகக் கொண்டுவிடுவார்கள்.

ஸ்டிக்கர்: தனித்தனி அட்டை வேண்டாம், வகுப்புக்கு ஒரே ஜாடி வையுங்கள். ஒளிபுகும் சின்ன ஜாடி, 20 கோலிக்குண்டில் நிரம்பும் அளவு. ஒரு விதியை எல்லாரும் செய்வதைப் பார்க்கும்போது ஒன்று போடுங்கள். நிரம்பினால் பத்து நிமிடம் விளையாட்டு. முதல் ஜாடி நான்கைந்து நாளில் நிரம்ப வேண்டும். மாதக்கணக்கில் நிரம்பாத ஜாடியை அந்த வயதுப் பிள்ளை மறந்துவிடும். போட்ட குண்டைக் கோபத்தில் திரும்ப எடுப்பது கூடவே கூடாது.

பாலர்வட்டம் எழுதியது:

ஜாடிக்கு அரைமனச் சம்மதம். புதிய நடைமுறைக்கு இரண்டு மூன்று வாரம் ஊன்றுகோலாக வைத்துவிட்டு எடுத்துவிடலாம். ஆனால் பிள்ளைகள் ஏற்கெனவே விரும்பிச் செய்கிற எதற்கும் பரிசு வைக்காதீர்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் செய்த ஆய்வு இதற்குப் பெயர்போனது. மார்க்கரால் படம் வரைய ஏற்கெனவே ஆசைப்பட்ட பிள்ளைகளில் ஒரு குழுவுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பரிசுக்காக வரைந்த அந்தக் குழு, பின்னர் தன்னிச்சையான விளையாட்டு நேரத்தில் மற்ற குழுக்களைவிடக் குறைவாகவே மார்க்கரைத் தொட்டது. சொல்லாமல் திடீரென்று கொடுத்த குழுவுக்கு அந்தச் சரிவு வரவில்லை. எனவே கதை கேட்பதற்கு, பாட்டுக்குச் சேர்வதற்கெல்லாம் கோலிக்குண்டு வேண்டாம். வரிசை, சுத்தம் செய்தல் மாதிரி யாருக்கும் இயல்பாக ருசிக்காத வேலைகளுக்கு மட்டும்.

பெயர் போட்ட ஸ்டிக்கர் அட்டை பற்றி மணி சொன்னதை வழிமொழிகிறேன். அதில் யாருக்கு எத்தனை என்று பிள்ளைகளைவிட வேகமாகப் பெற்றோர் எண்ணுவார்கள்.

‘ஏன்’ என்று காரணம் சொல்ல வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சொல்ல வேண்டும், ஒரே வாக்கியத்தில், விதியின் தன்மைக்கு ஏற்றபடி. ஜூடித் ஸ்மெட்டானா 1981-இல் வெளியிட்ட ஆய்விலிருந்தே தெரிந்த செய்தி: பாலர் பள்ளி வயதிலேயே பிள்ளைகள் இரண்டு வகை விதிகளைப் பிரித்தறிகிறார்கள். அடிப்பது, விதியே இல்லாத இடத்திலும் தப்பு என்கிறார்கள். பொருளை அதன் இடத்தில் வைப்பது மாதிரியானவை விதி இருந்தால்தான் என்கிறார்கள். ஆகவே அடித்த பிள்ளையிடம் “நம்ம வகுப்பு விதி என்ன?” என்று கேட்பது பலவீனமான கேள்வி. “பாரு, அவனுக்கு வலிக்குது” என்பதுதான் அங்கே காரணம். காலணி அடுக்கும் விஷயத்தில் பெரிய நியாயம் கற்பிக்க வேண்டாம். “வழியில கிடந்தா தடுக்கி விழுவோம், அதனால நம்ம வகுப்புல இப்படி வைப்போம்” என்றால் முடிந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே கடுமையான குரல் கொடுத்தால், காலணியை அடுக்காததும் அடிப்பதும் ஒரே எடை என்று நாமே சொல்லித் தருகிறோம்.

தமிழ்நேரம் எழுதியது:

நிறைய கிடைத்தது, நன்றி. இன்னும் இரண்டு. வகுப்பு முடிந்ததும் சிற்றுண்டிக்குக் கை கழுவ வரிசை. தள்ளுமுள்ளு எல்லாம் அங்கேதான் அதிகம். இரண்டு குழாய்தான் இருக்கிறது. அடுத்தது, கே1 பையன் ஒருவன். மற்றவர்கள் எல்லாரும் பழகினாலும் அவன் மட்டும் பாயிலிருந்து எழுந்து எழுந்து போகிறான். பெற்றோரிடம் எப்படி, எப்போது பேசுவது?

பாலர்வட்டம் எழுதியது:

வரிசைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சோப்புப் போட்டுத் தேய்க்க 20 விநாடி, நனைக்க, அலச, துடைக்க இன்னொரு 20. இரண்டு குழாய், 11 பேர், ஆறு சுற்று. மொத்தம் நான்கு நிமிடம். கடைசிப் பிள்ளை மூன்று நிமிடத்துக்கு மேல், ஒரு வேலையும் இல்லாமல், முன்னால் நிற்பவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்த முதுகைத் தள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இதற்கு விதி போடாதீர்கள், வரிசையையே எடுத்துவிடுங்கள். எல்லாரும் பாயில் இருக்க, நீங்கள் விடுகதை போடுங்கள். இரண்டு பேர் குழாய்க்கு, இரண்டு பேர் சுவரோரம் ஒட்டிய காலடித் தடத்தில். கழுவி முடித்தவர் நேராகச் சிற்றுண்டி மேசைக்கு. மேசைப் பக்கம் இன்னொரு பெரியவர் நிற்க வேண்டும், அதை ஆங்கில ஆசிரியரிடம் முன்பே பேசிவையுங்கள். ஆளில்லாவிட்டால் இந்த ஏற்பாடு கலையும்.

இதே கண்ணால் மற்ற வேளைகளையும் பாருங்கள். பிள்ளை சும்மா காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு புகாராகத் திரும்பும். தாளைக் கொடுத்த பிறகு கத்தரிக்கோல் தேடுவது, பாய்க்கு வந்த பிறகு கதைப்புத்தகம் தேடுவது, இதெல்லாம் நம் கணக்கு.

முடிக்கச் சொல்லும்போது “இன்னும் ஐந்து நிமிஷம்” என்பது நான்கைந்து வயதில் வெறும் சத்தம். “இன்னும் ரெண்டு கட்டை வெச்சிட்டு முடிப்போம்” என்று செய்கையால் அளந்து சொல்லுங்கள், அல்லது இரண்டு நிமிட மணல்கடிகாரத்தைக் கவிழ்த்து வையுங்கள். மணல் முடிந்த பிறகும் நீங்களே “சரி, இன்னும் கொஞ்சம்” என்று ஒருநாள் விட்டால் அடுத்த நாள் கடிகாரத்துக்கு மதிப்பில்லை.

விடுமுறைக்கு முன்பும் பின்பும் கவனம். பராமரிப்பு நிலையம் ஜூனில் பள்ளிபோல மூடாது, ஆனால் ஜூனிலும் டிசம்பரிலும் ஊருக்குப் போய் மூன்று நான்கு வாரம் கழித்து வரும் பிள்ளைகள் உண்டு. பாட்டி வீட்டில் எந்த விதியும் இருந்திருக்காது, இருக்கவும் வேண்டாம். வந்த முதல் இரண்டு நாள் வாசலிலிருந்து நடந்து காட்டுவதை மறுபடி தொடங்குங்கள். சீனப் புத்தாண்டு, தீபாவளிக்குப் பிறகும் சுருக்கமாக ஒருமுறை.

மொழிப்படி எழுதியது:

அந்தப் பையன் பற்றி. பெற்றோரிடம் போவதற்கு முன் ஐந்து நாள் ஒரு தாள் வையுங்கள். நான்கு கட்டம்: நேரம், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்துகொண்டிருந்தது, அவன் செய்தது, உடனே என்ன ஆனது. ‘அடம்பிடித்தான்’, ‘கவனமில்லை’ என்றெல்லாம் எழுத வேண்டாம். ‘10:22. கதை. எழுந்து அலமாரிக்குப் போனான். நான் கூப்பிட்டேன், எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்’ என்று எழுதுங்கள். நான்காவது கட்டத்தில்தான் பெரும்பாலும் விடை இருக்கும். எழுந்தால் ஒவ்வொரு முறையும் எல்லார் கவனமும் கிடைக்கிறதென்றால், எழுவதற்கு அவனுக்கு நல்ல காரணம் இருக்கிறது. கடினமான வேலை வரும்போது மட்டும் எழுகிறான் என்றால் அது வேறு கதை, வேலையைச் சிறிதாக்கிக் கொடுங்கள். எந்த நேரத்திலும், எதற்கும் எழுகிறான் என்றால் அவனுக்குப் பத்து நிமிடம் பாய் அதிகம். நான்கு நிமிடத்தில் ஒரு வேலை கொடுங்கள்: அட்டை எடுத்து வர, புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள. பிறகு வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள்.

ஆங்கில ஆசிரியரிடமும் அதே தாளைக் கொடுங்கள். தமிழ் வகுப்பில் மட்டும் என்றால் மொழியைச் சந்தேகியுங்கள். எல்லா இடத்திலும் என்றால் முதலில் காது. முதுகுக்குப் பின்னாலிருந்து பெயர் சொன்னால் திரும்புகிறானா, சளி பிடித்த வாரங்களில் மோசமாகிறதா என்று கவனியுங்கள். சளி பிடித்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கலாம். அப்போது பிள்ளைக்கு அரைகுறையாகத்தான் கேட்கும், உங்கள் கூடத்து இரைச்சலில் அதுவும் போகும்.

பெற்றோரிடம் பேசுவதை நிலையத் தலைவரோடு கலந்துகொண்டு, அழைத்துப்போக வரும் வாசலில் அல்லாமல் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். நோயின் பெயர் எதையும் நீங்கள் சொல்லாதீர்கள், அது நம் வேலையில்லை. வீட்டில் எப்படி என்று முதலில் கேளுங்கள். மேற்கொண்டு பார்க்க வேண்டுமென்றால் வழி இருக்கிறது. லேசான உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளியிலேயே நடக்கும் வளர்ச்சி ஆதரவுத் திட்டம் உங்கள் நிலையத்தில் உண்டா என்று கேளுங்கள். பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) வழியாக கேகே மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கும் பரிந்துரை வாங்கலாம்.

பேசும்போது அந்தத் தாளைக் கையில் வைத்திருங்கள். “உங்க பையன் சொன்ன பேச்சு கேட்கிறதில்ல” என்று தொடங்கினால் அம்மா அப்பா பதிலுக்குத் தற்காக்கத்தான் பார்ப்பார்கள். “கதை தொடங்கி ஆறாவது நிமிஷத்துக்கு மேலதான் எழுந்து போறார், பாட்டு நேரத்துல ஒருநாளும் போகல, வீட்டுல எதுக்கு ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பார்?” என்று கேட்டால் பேச ஆரம்பிப்பார்கள்.